பெங்களூரில் போட்ட கார்க்

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குக் கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளைக் கிளப்பினேன். தெருவில் பாதிப் பேர் தூக்கம் கலைந்து எழுந்துவிட்டார்கள். போர் முடிந்ததும் பட்டாளத்துக்காரர்கள் ஏலத்தில் கழித்துவிட்ட வண்டி அது. எங்கள் ஊர் மதுவிலக்குப் பிரசாரக் கமிட்டி அதை வாங்கி, பச்சை வர்ணத்தின் மேல் வெள்ளை அடித்து, பெட்ரோல் டாங்கியின் இரு பக்கமும் உடைந்த சீசா ஒன்றை வரையச் செய்திருந்தது. வரைந்தவர் சினிமாத் தட்டி எழுதுகிறவர். சீசா உடைந்த மாதிரி தெரியாது. யாரோ ஆசையாகத் திறந்து வைத்த மாதிரி இருக்கும்.

பின்னால் ஏறி உட்கார்ந்தவர் என் அக்காவின் கணவர். மாமாதான் கமிட்டியின் பிரசாரகர். சந்தை, தேர், மாட்டுத்தாவணி என்று எங்கே கூட்டம் சேர்ந்தாலும் அவர் போய்ப் பேசுவார். நான் பள்ளிக்கூட வாத்தியார், அக்கா வீட்டிலேயே இருப்பவன். விடுமுறை நாட்களில் அவருக்குச் சாரதி.

மாமாவின் பேச்சில் தவறாமல் ஒரு கதை வரும். போர்க்காலத்தில் அவர் பெங்களூரில் பட்டாளத்து ஸ்டோரில் வேலை பார்த்தார். அங்கே அவருக்கு ஒரு சிநேகிதன். குடித்துக் குடித்துக் கையிலிருந்ததெல்லாம் தீர்ந்தபின், மனைவி சீராகக் கொண்டுவந்த அண்டாவைத் தூக்கிக்கொண்டு போய் விற்றுவிட்டான். மறுநாள் காலையில் அவள் தண்ணீர் பிடிக்க அண்டாவைத் தேடினாள். அவனும் கூடச் சேர்ந்து தேடினான். பரணில் ஏறிப் பார்த்தான், கிணற்றில்கூட எட்டிப் பார்த்தான். இந்த இடத்தில் கூட்டம் முதலில் சிரிக்கும். பிறகு பெண்கள் பக்கம் சத்தம் அடங்கிவிடும். இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம், அந்தச் சிநேகிதன் என் கையில் கிடைத்தால் நாலு சாத்து சாத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

கிளம்பும்போது அக்கா புளிச்சோற்றுப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பெங்களூர்ல அவரத் தனியா விட்டுடாதடா" என்றாள். நகரத்தில் கார்களும் பஸ்களும் அதிகம், அதற்காகச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அக்காவுக்கு மாமாமேல் கொஞ்சம் அதிகப்படியான பிரியம்தான். தினம் சாயங்காலம் அவர் வந்ததும் வாசலுக்கே போய், அவர் தோளில் இருக்கும் துண்டை வாங்கிக்கொண்டு, மிக அருகில் நின்று சாப்பிட்டீர்களா என்று கேட்பாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகும் இந்தக் கொஞ்சலா என்று நான் கேலி செய்வேன். அவள் துண்டை மடித்துக்கொண்டே உள்ளே போய்விடுவாள்.

பயணத்தின் நோக்கம் வண்டியின் கிளட்ச். இஞ்சினின் ஓட்டத்தைச் சக்கரத்துக்கு விடுவதும் தடுப்பதும் அதன் வேலை. உள்ளே தட்டுகள் ஒன்றையொன்று அழுத்திப் பிடித்திருக்கும். கைப்பிடியை இழுத்தால் விலகும். எங்கள் வண்டியில் ஒரு மாதமாகவே அந்தப் பிடி போய்விட்டது. மேலுமலை ஏற்றத்தில் இஞ்சின் ஊரைக் கூட்டுகிறது, வண்டியோ நின்ற இடத்தில் நின்று யோசிக்கிறது. மாமா இறங்கி நடந்தார். அவர் நடந்து மேலே வந்து எனக்காகக் காத்திருந்தார் என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. திங்கட்கிழமை மாலை காவேரிப்பட்டினத்தில் பெரிய கூட்டம். அதற்குள் வண்டி சரியாக வேண்டும்.

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் ஐம்பத்தேழு மைல். ஒசூரில் காபி, ஆளுக்கு இரண்டணா. அத்திப்பள்ளியைத் தாண்டி மைசூர் ராஜ்யத்துக்குள் நுழைந்த சிறிது தூரத்திலேயே முதல் அதிர்ச்சி காத்திருந்தது. பட்டப்பகலில், பெரிய எழுத்தில் பெயர்ப்பலகை மாட்டிய சாராயக் கடை. எங்கள் ஜில்லாவில் அந்தச் சொல்லையே குரலைத் தாழ்த்தித்தான் சொல்லுவோம். இங்கே ஒருவர் முடிவெட்டிக்கொண்டு வருகிறவரைப் போல நிதானமாக வெளியே வந்து, வாயைத் துடைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போனார். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். மாமா பார்க்கவில்லை. என் முதுகுக்குப் பின்னால் குனிந்துகொண்டார்.

பகல் பன்னிரண்டரைக்குப் பெங்களூரின் ரிச்சர்ட்ஸ் டவுன் போய்ச் சேர்ந்தோம். ஓடு வேய்ந்த பங்களாக்களுக்குப் பின்னால் ஒரு சந்தில் அந்தோணியின் ஒர்க்ஷாப். தாத்தா காலத்திலேயே தமிழ்நாட்டிலிருந்து வந்துவிட்ட கிறிஸ்தவக் குடும்பம். அந்தோணிக்கு ஐம்பது வயதிருக்கும். நல்ல பருமன், அதைவிடப் பருமனான குரல். பட்டாளத்து வண்டிகளைப் பார்த்த கை, தான் தொட்டுச் சரியாகாத வண்டி பெங்களூரிலேயே கிடையாது என்று நாங்கள் கேட்காமலே சொன்னார். டாங்கிப் படத்தைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"சீசா ஒடைஞ்சிருக்கே சார், அதையும் ஒட்டணுமா?"

கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தவுடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார். பிடியை இழுக்கும்போது முதலில் கொஞ்சம் தொளதொளவென்று வர வேண்டும், அதன் பிறகே கம்பி இறுக வேண்டும். எங்கள் கம்பியோ வீணைத் தந்தி போல விறைத்திருந்தது. எங்கள் ஊர் சைக்கிள் கடைக்காரர் இறுக்கினால் பிடிக்கும் என்று நினைத்து இறுக்கிவிட்டார். கம்பி இறுகினால் தட்டுகள் எப்போதும் பாதி விலகியே இருக்கும், வழுக்கத்தான் செய்யும். "சும்னே பயந்துட்டீங்க சார், அஞ்சு நிமிஷ வேலை" என்று கம்பியைத் தளர்த்தினார். பிறகு தானே ஏறி மேட்டுத் தெருவில் ஓட்டிப் பார்த்தார். வண்டி முன்போலவே கத்திக்கொண்டு நின்றது. தள்ளிக்கொண்டுதான் திரும்பி வந்தார். வரும்போது குரல் பாதியாகக் குறைந்திருந்தது.

மூடியைக் கழற்றியபோது உள்ளேயிருந்து கறுப்பு எண்ணெய் கொட்டியது. தட்டுகளை எடுத்துத் துடைத்துக் காட்டினார். ஒவ்வொரு தட்டிலும் வட்ட வட்டமாக ஓட்டைகள். ஓட்டைக்கு ஒரு கார்க் துண்டு. கார்க் இரும்பைவிட மேலெழும்பி நிற்க வேண்டும், அதுதான் பிடிக்கும். எங்களுடையது தேய்ந்து கருகி இரும்போடு இரும்பாகிவிட்டது. கம்பெனிக் கார்க் கடல் கடந்து வர வேண்டும், மாதக்கணக்கில் ஆகும். "நாளைக்குக் காலையில பூசைக்குப் போய்ட்டு வந்து நானே கார்க் போட்டுத் தர்றேன்" என்றார் அந்தோணி. எந்தக் கார்க் என்று நாங்கள் கேட்கவில்லை.

அன்றிரவு தண்டு என்கிற கன்டோன்மென்ட் ஸ்டேஷனுக்கு அருகே ஒரு லாட்ஜில் தங்கினோம். அறையில் புழுக்கம். மாமா தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தச் சொன்னார். கீழே என்ன கடை என்று காலையில்தான் கவனித்தேன்.

ஞாயிறு காலை ஒன்பது மணி. அந்தோணி மாதா கோயிலுக்குப் போய்விட்டு வந்திருந்தார். வெள்ளைச் சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, "நாஷ்டா ஆச்சா?" என்று விசாரித்தபடியே ஒரு சாக்கைத் தூக்கி வந்து பழைய பேப்பர்மேல் கவிழ்த்தார். நூற்றுக்கணக்கில் சீசாக் கார்க்குகள் உருண்டன. வாசனை குப்பென்று எழுந்து சந்து முழுவதும் பரவியது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இதையா போடப் போகிறீர்கள் என்று கேட்டேன். இதைத்தான் போடுவேன், இந்த ஊரில் பாதி வண்டிக்குள் இதுதான் இருக்கிறது என்றார். பழைய சீசா வியாபாரியிடம் வாங்குகிறாராம். கொதிக்கும் வெந்நீரில் போட்டு மிருதுவாக்கி, நறுக்கி, ஓட்டையில் அழுத்தினால் எண்ணெயில் ஊறி இறுகிக்கொள்ளுமாம். மதுவிலக்குக் கமிட்டி வண்டியின் வயிற்றுக்குள் மது சீசாக் கார்க். தலைவர் காதில் விழுந்தால் என்ன ஆகும்? வேறு கார்க் கிடையாதா என்று மன்றாடினேன். மருந்து சீசாக் கார்க் சுண்டுவிரல் கனம்தான் இருக்கும், எண்ணெயில் உதிர்ந்துவிடும் என்றார். சோடா சீசாவில் இருப்பதோ கோலி. குடிக்காதவர்கள் குடிக்கிற எதற்கும் நல்ல கார்க் கிடையாது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

"எல்லாம் பிராந்தி கார்க் சார், ஒசத்தி சரக்கு" என்றார் அந்தோணி.

மாமா சாக்கின் பக்கம் வந்தார். குனிந்து ஒரு கார்க்கை எடுத்தார். மூக்கருகே கொண்டுபோனார். பிறகு கீழே வைத்தார்.

"பிராந்தி இல்ல. ரம்."

அந்தோணி தானும் ஒன்றை எடுத்து முகர்ந்து, "ஐயா பராபரா, கரெக்டா சொல்றாரே" என்று வியந்துவிட்டு, வெந்நீர் வைக்க உள்ளே போனார். நான் மாமாவைப் பார்த்தேன். இத்தனை கூட்டங்களில் சீசாவின் நிழல்கூட என்மேல் பட்டதில்லை என்கிற தோரணையில் பேசிய மனிதர். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் கார்க்குகளைப் பார்த்தபடியே சொன்னார்.

"அண்டாவத் தேடினவன் நான்தான் மாப்ளே."

மாமா பெங்களூரிலிருந்து லீவில் வந்திருந்தபோது, அக்காவின் சீர் அண்டாவைத் திருடன் கொண்டுபோய்விட்டான் என்றுதான் எங்கள் வீட்டில் எல்லாரும் நம்பியிருந்தோம். பால்காரன்மேல் சந்தேகப்பட்டு அவனை நிறுத்திவிட்டார்கள். நானே போய் அவனை நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்தேன். கூட்டத்தில் அந்தக் கதையை அத்தனை தடவை கேட்டும், அது எங்கள் வீட்டு அண்டா என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஊரில் யார் வீட்டில்தான் அண்டா இல்லை? கோபம் வந்தது. அடிக்க வேண்டும் என்று இத்தனை நாள் நினைத்திருந்த ஆள் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். கை எழவில்லை.

அக்காவுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"அன்னைக்கே தெரியும். அவளும் தேடுற மாதிரி தேடினா. அப்புறம் கிட்ட வந்து என் வாய மோந்து பாத்தா. ஒண்ணும் சொல்லல. நான் விட்டு ஏழெட்டு வருஷமாச்சு. தெனம் பாத்துக்கிட்டுத்தான் இருக்கா."

வாசலில் துண்டை வாங்குவது, அருகில் நிற்பது, சாப்பிட்டீர்களா என்று கேட்பது. நான் கேலி செய்து சிரித்ததெல்லாம் நினைவுக்கு வந்து முகம் எரிந்தது. தனியாக விட்டுவிடாதே என்று அவள் சொன்னது பஸ்ஸுக்காக இல்லை.

அந்தோணி கொதிக்கும் வெந்நீரோடு வந்தார். கார்க்குகளை உள்ளே போட்டதும் வாசனை முன்னைவிடப் பத்து மடங்கானது. ஒருவர் மட்டும் உட்கார்ந்து நறுக்கினால் மாலைக்குள் முடியாது, ஆளுக்கொரு கத்தி எடுங்கள் என்றார். மாமாவை விட்டுவிடுங்கள், நான் இரண்டு பங்கு செய்கிறேன் என்று சொல்ல நினைத்தேன். ஆனால் என்ன காரணம் சொல்வது? அதற்குள் மாமாவே சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். சுடச்சுட எடுத்து நறுக்கி, ஓட்டையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி, எல்லாம் முடிந்ததும் கண்ணாடிப் பலகைமேல் உப்புத்தாள் விரித்துத் தட்டுகளை வட்டமாகத் தேய்த்துச் சமமாக்கினோம். மாமாவின் கை வேகமாக ஓடியது. ஆனால் அவர் மூச்சை வாயால் விட்டுக்கொண்டிருந்தார். விரலிடுக்கு, நகக்கண் எல்லாம் ரம். எனக்கே கிறக்கமாக இருந்தது.

பதினொன்றரை மணிக்குத் தட்டுகளை எண்ணெயில் ஊறப்போட்டு, மூன்றரைக்கு மேல்தான் பூட்டலாம் என்றார் அந்தோணி. நான் பின்பக்கத்துக் குழாயில் கை கழுவிவிட்டு வந்தேன். மாமாவைக் காணோம். அந்தோணியும் அவர் போனதைக் கவனிக்கவில்லை.

அடுத்த நாலு மணி நேரத்தைப் பற்றி எழுதவே கூச்சமாக இருக்கிறது. நான் அந்தப் பகுதியிலிருந்த ஒவ்வொரு மதுக்கடையாக ஏறி இறங்கினேன். வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்ப்பேன். இருட்டில் முகம் தெரியாது. உள்ளே காலெடுத்து வைப்பேன். என்ன வேண்டும் என்று கேட்பார்கள். ஆளைத் தேடுகிறேன் என்று சொன்னதும் இங்கே எல்லாரும் அதைத்தான் சொல்லிக்கொண்டு வருகிறார்கள் என்று ஒரு கடைக்காரர் சிரித்தார். எங்கள் ஊர்க்காரர் யாராவது இந்தக் கோலத்தில் வாத்தியாரைப் பார்த்தால் என்ன நினைப்பார் என்று உடம்பு கூசியது. அதைவிட, ஒவ்வொரு கடையிலும் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். நெருங்கும் வரை அவர் மாமாவேதான். வீட்டுக்குப் போய் அக்காவின் முகத்தில் எப்படி விழிப்பேன்? தனியாக விடாதே என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லியிருந்தாள். அதைக்கூட என்னால் காப்பாற்ற முடியவில்லை.

களைத்துப் போய் ஒர்க்ஷாப்புக்குத் திரும்பியபோது மாமா பலகைமேல் உட்கார்ந்திருந்தார். செருப்பெல்லாம் செம்மண். கண்கள் சிவந்திருந்தன. வெயிலிலா, வேறெதிலா என்று சொல்ல முடியவில்லை. எங்கே போனீர்கள் என்று கேட்டேன்.

"மல்லேஸ்வரம்."

அங்கே நமக்கு யாரும் இல்லையே என்றேன்.

"இந்தப் பக்கம் திரும்பின எடமெல்லாம் கடை. அங்க கோயிலும் காப்பி ஓட்டலும்தான். அதான் போனேன். ஒக்காந்து காப்பியா குடிச்சுட்டு நடந்தே வந்துட்டேன்."

போக நாலு மைல், வர நாலு மைல் இருக்கும். நம்பலாமா, கூடாதா? கிட்டே போய் முகர்ந்து பார்க்க வேண்டும் போலிருந்தது. அக்காவுக்குள்ள உரிமை எனக்கு இல்லை. அப்படியே முகர்ந்தாலும் எதைக் கண்டுபிடிப்பது? அவர் கை, சட்டை, என் கை, என் சட்டை, சந்து முழுவதும் அதே வாசனைதான்.

அந்தோணி தட்டுகளைப் பூட்டினார். ஸ்பிரிங்குகளின் திருகுகளை எல்லாம் ஒரே அளவு திருக வேண்டும், ஒன்று கூடினாலும் தட்டு கோணலாகத் தூக்கும் என்று விளக்கிக்கொண்டே, கைப்பிடியை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, உதைத்துச் சுழற்றித் தட்டைக் கண்ணால் அளந்து, கால் திருகு அரைத் திருகாகச் சரி பார்த்தார். கடைசியில் கம்பியைத் தொளதொளப்பு இருக்கும்படி விட்டார். மேட்டுத் தெருவில் வண்டி குட்டியானை மாதிரி ஏறியது. அந்தோணியின் குரல் பழைய அளவுக்குத் திரும்பிவிட்டது. இன்னொரு தடவை கார்க் தேய்ந்தால் வாருங்கள், அடுத்த முறை நிஜமாகவே பிராந்தி போட்டுத் தருகிறேன் என்று வழியனுப்பினார்.

நாலே காலுக்குக் கிளம்பினோம். வழி நெடுக எனக்குக் காதெல்லாம் பின்னால்தான். எல்லையைத் தாண்டியதும் சென்னை ராஜ்யத்தின் மதுவிலக்குச் சோதனைச் சாவடி. பஸ்ஸிலிருந்தவர்களை இறக்கிப் பைகளைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். எங்கள் கையெல்லாம் ரம் வாசனை. சூடேறிய கிளட்சிலிருந்து இலேசான மணம் வேறு. ஆனால் கான்ஸ்டபிள் டாங்கியிலிருந்த படத்தைப் பார்த்ததும் விறைப்பாக ஒரு சலாம் வைத்துக் கம்பத்தைத் தூக்கிவிட்டார். மாமா பின்னால் கைகூப்பியிருக்க வேண்டும்.

ஒசூரில் நிறுத்தி மாமா இன்னொரு காபி குடித்தார். சோப்பு வாங்கிக் குழாயடியில் முழங்கைவரை தேய்த்துக் கழுவினார். கழுவிய கையை முகர்ந்தார். மறுபடி கழுவினார். போகவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. நான் அக்காவிடம் நடந்ததை எடுத்துச் சொல்கிறேன் என்றேன். "குடிக்கிறவனுக்கு எப்பவும் சாட்சி சொல்ல ஒரு ஆள் இருப்பான் மாப்ளே. நீ சும்மா இரு" என்றார்.

ஏழு மணிக்கு வீடு. மேலுமலையில் வண்டி ஒரு தடவைகூட வழுக்கவில்லை என்பதைச் சொல்ல எனக்கு அப்போது தோன்றவில்லை. அக்கா விளக்கேற்றி வைத்துவிட்டு வாசலில் நின்றிருந்தாள். வழக்கம்போல மாமாவின் தோளிலிருந்து துண்டை எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றாள். துண்டை முகத்தருகே கொண்டுபோனாள். அவள் முகம் கறுத்ததை விளக்கு வெளிச்சத்தில் நான் பார்த்தேன். அண்டாவைத் தேடிய அன்றும் இப்படித்தான் நின்றிருப்பாள். நான் வாயைத் திறந்தேன். மாமா என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

அவர் ஒரு படி கீழே இறங்கி, அவள் உயரத்துக்கு வந்தார். தெரு பார்க்கிறதே என்றுகூடப் பாராமல், "கிட்ட வந்து பாரு" என்றார்.

அத்தனை வருஷமும் துண்டை வாங்குகிற சாக்கில் செய்ததை அன்று அவள் சாக்கில்லாமல் செய்தாள். அவள் விலகியபோது கண்ணில் நீர் தளும்பி நின்றது. துண்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"வெறும் வயித்துல எத்தன காப்பி குடிச்சீங்க?"

மாமா திருட்டு முழி முழித்தார். "நாலு. ஒசூர்ல ஒண்ணு."

அவள் திட்டிக்கொண்டே சோறு போட உள்ளே போனாள். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு கொட்டகைப் பக்கம் போய் வேண்டுமட்டும் அழுதேன்.

பெங்களூரில் கடைகள் திறந்து கிடக்கின்றன, எங்கள் ஊரில் சட்டம் மூடி வைத்திருக்கிறது. இந்த வித்தியாசத்தைப் பெரிதாக எழுதலாம் என்றுதான் இந்தப் பயணக் கட்டுரையை ஆரம்பித்தேன். எல்லையில் கம்பம் போட்டு நிற்கிற சாவடியையும் பார்த்துவிட்டேன். அது படத்தைப் பார்த்துச் சலாம் போடுகிறது. எங்கள் வீட்டு வாசலில் தினம் நடப்பதுதான் சோதனை.

திங்கட்கிழமை காவேரிப்பட்டினத்தில் நல்ல கூட்டம். ரம் கார்க் வைத்த வண்டியின் பக்கத்தில் நின்றுகொண்டு மாமா பேசினார். கதை வந்தது. என் சிநேகிதன் ஒருவன் என்றுதான் அன்றும் ஆரம்பித்தார். பரணில் ஏறித் தேடினான், கிணற்றில் எட்டிப் பார்த்தான். கூட்டம் சிரித்தது, பிறகு அடங்கியது. அந்தச் சிநேகிதனை அடிக்க வேண்டும் என்று எனக்கு அன்று தோன்றவில்லை. வழியில் எங்காவது அவனுக்கு ஒரு நல்ல காபி வாங்கிக் கொடுத்து, பத்திரமாக வீட்டில் கொண்டுபோய்விட வேண்டும் என்று தோன்றியது.